‘நல்லா இருந்தது’ என்பதற்கு அப்புறம் என்ன சொல்வது?

கேள்வி: ஐயா, எனக்கு 46 வயது. கடலூர் புதுப்பாளையத்தில் இருக்கிறேன். ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறேன். பிள்ளைகள் வெளியூருக்குப் படிக்கப் போனபிறகு நூலகத்தில் உறுப்பினராகி வாசிக்கத் தொடங்கினேன். சமீபத்தில் படித்தவை: புதுமைப்பித்தன் சிறுகதைகள், ஜெயகாந்தனின் ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’, கண்மணி குணசேகரனின் ‘அஞ்சலை’. பிரபஞ்சனின் ‘வானம் வசப்படும்’ பாதியில் நிற்கிறது. புதுச்சேரியில் மாதம் ஒருமுறை நடக்கும் வாசகர் கூட்டத்துக்குத் தோழி ஒருத்தி அழைத்துப் போகிறாள். அடுத்த மாதம் நான் பத்து நிமிடம் பேச வேண்டுமாம். என் வாயில் வருவது ‘நல்லா இருந்தது’ மட்டும்தான். புதுமைப்பித்தனின் ‘செல்லம்மாள்’ கதையில் எனக்கு மனதில் நின்றது அந்த ஜவுளிக்கடைச் சம்பளம் என்று வீட்டில் சொன்னேன். தமிழாசிரியராக இருந்து ஓய்வுபெற்ற என் அண்ணன், “அது உன் கடைக் கதை, இலக்கியக் கருத்து இல்லை” என்கிறார். ‘அஞ்சலை’யை நடுவில் மூடிவைத்துவிட்டு இரண்டு வாரம் தொடவே இல்லை. ஒரு மாதத்தில் பெயர்கள்கூட மறந்துவிடுகின்றன. இணையத்தில் விமர்சனம் படித்தால் அவர்கள் சொன்னதே என் வாயிலும் வருகிறது. எப்படிக் குறிப்பு எழுதுவது? பிடிக்காததைப் பிடிக்கவில்லை என்று சொல்லலாமா? கூட்டத்துக்கு அண்ணனையும் அழைத்துப் போகலாமா?

— ஒரு வாசகி, கடலூர்

பதில்: அம்மா, முதலில் அவசரமான வேலையை முடித்துவிடலாம். அடுத்த மாதம் நீங்கள் பேச வேண்டியது ‘செல்லம்மாள்’ பற்றி. அதிலும் அந்தச் சம்பளத்தைப் பற்றி. நான்கு புத்தகத்தையும் பத்து நிமிடத்தில் அடைக்கப் பார்க்காதீர்கள்.

ஏன் என்று சொல்கிறேன். அந்தக் கதையைப் பற்றிப் பேசுகிற பெரும்பாலானோர் கணவன் மனைவி பாசத்தைத்தான் பேசுவார்கள். பிழைப்புக்காகத் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து சென்னைக்கு வந்த தம்பதி, தீராத நோயில் மனைவி, கூடவே இருந்து பார்த்துக்கொள்ளும் பிரமநாயகம் பிள்ளை. செல்லம்மாள் இறந்துபோவதில் கதையைத் தொடங்கிவிட்டு அப்புறம்தான் பின்னால் போகிறார் புதுமைப்பித்தன். இதெல்லாம் பலரும் சொல்லியாயிற்று. பிரமநாயகம் பிள்ளை ஒரு ஜவுளிக்கடைச் சிப்பந்தி, உடம்பில் உயிர் ஒட்டிக்கொண்டிருக்கும் அளவுக்குத்தான் அவருக்குச் சம்பளம் என்பதைப் படிக்கிறவர்கள் ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். நீங்கள் கடக்கவில்லை. அந்தக் கடை எப்படி நடக்கும், யார் எந்த நேரத்துக்கு வர வேண்டும், பண்டிகை சமயத்தில் லீவு கேட்டால் என்ன முகம் காட்டுவார்கள், முன்பணம் எப்படிப் பிடிப்பார்கள் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். நோயாளியைத் தனியாக வீட்டில் விட்டுவிட்டு அந்த மனிதர் வேலைக்குக் கிளம்புவதை, சம்பளப் பதிவேடு எழுதுகிற ஒருவர் படிப்பது வேறு, நான் படிப்பது வேறு. ஒரு நாள் போகாவிட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்குக் கணக்குத் தெரியும். அந்தக் கதையில் பாசத்துக்கும் சம்பளத்துக்கும் நடுவில் ஒரு முடிச்சு இருக்கிறது. அதை அவிழ்க்கும் தகுதி அந்தக் கூட்டத்தில் உங்களுக்கே அதிகம்.

அண்ணன் சொல்வதில் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். ஓர் எல்லை இருக்கிறது. கதையில் வரும் கடையிலிருந்து நேராக உங்கள் கடைக்கு வந்து, அங்கேயே உட்கார்ந்து முதலாளியைப் பற்றிப் பேசி முடித்தால் அது கடைக் கதைதான். உங்கள் கடைக்குப் போய்விட்டுக் கதைக்குத் திரும்பி வர வேண்டும். ‘எங்கள் கடையில் இப்படி நடக்கும், ஆகவே அந்த இடத்தில் பிரமநாயகம் பிள்ளை வாய் திறக்காமல் இருப்பது எனக்கு இப்படிப் புரிந்தது’ என்று சொன்னால் அது வாசிப்பு. திரும்பி வந்தீர்களா என்பதைச் சோதிக்க ஒரு சுலபமான வழி உண்டு. நீங்கள் சொன்னதற்கு ஆதாரமாகப் புத்தகத்தில் ஒரு பக்கத்தைக் காட்ட முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் தைரியமாகப் பேசுங்கள்.

நம் பள்ளிக்கூடத்துக்கும் இதில் பங்கு உண்டு. தமிழ்ப் பரீட்சையில் ‘நயம் பாராட்டுக’ என்று ஒரு கேள்வி வருமே, நினைவிருக்கிறதா? திரண்ட கருத்து, மையக்கருத்து, எதுகை, மோனை, அணி என்று தலைப்புப் போட்டு எழுதினால் மதிப்பெண். ‘இந்த வரியில் எனக்கு அழுகை வந்தது’ என்று எழுதினால் ஒன்றும் கிடையாது. செய்யுளுக்கு அது ஒரு பயிற்சி, சரி. ஆனால் பள்ளியை விட்டு முப்பது வருஷம் ஆனபிறகும் நாவலைக் கையில் எடுத்ததும் ‘மையக்கருத்து என்ன’ என்று தேடுகிறோம். கிடைக்காவிட்டால் நமக்கு ஒன்றும் புரியவில்லை என்று நினைத்துக்கொள்கிறோம். பல வருஷம் தமிழ் கற்பித்தவர் அப்படிக் கேட்பது இயல்புதான். அவரோடு சண்டை வேண்டாம். ‘அண்ணே, இந்தக் கதையில் நீங்க எந்த இடத்துல நின்னீங்க?’ என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். அவருக்கும் ஓர் இடம் இருக்கும். யாரும் கேட்டிருக்கமாட்டார்கள்.

உங்கள் பட்டியலிலேயே இதற்கு ஒரு பெரிய சாட்சி இருக்கிறது. ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ எப்படிப் பிறந்தது என்று தெரியுமா? 1966இல் ஜெயகாந்தன் ‘அக்கினிப் பிரவேசம்’ என்று ஒரு சிறுகதை எழுதினார். மழை நாளில் காரில் ஏறிக் கெட்டுப்போய் வீடு திரும்பும் மகளின் தலையில் அம்மா தண்ணீரை ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்று சொல்லி மூடி மறைத்துக் காப்பாற்றுகிறாள். அந்த முடிவைப் பற்றி வாசகர்களிடம் பெரிய சர்ச்சை எழுந்தது. அப்புறம்தான் இந்த நாவல் வருகிறது. நாவலில் அதே சிறுகதையை ஆர்.கே.வி. என்ற எழுத்தாளர் எழுதியதாக வைத்து, நாவலின் நாயகி கங்கா அதை ஒரு பத்திரிகையில் படிப்பதாக அமைத்திருக்கிறார். கங்காவுக்கு அது தன் கதை. ஆனால் அவள் வீட்டில் அப்படி நடக்கவில்லை. அம்மா கத்தி ஊரைக் கூட்டிவிட்டாள், அண்ணன் வீட்டை விட்டுத் துரத்திவிட்டான். நாவலை நகர்த்துவதே ஒரு வாசகி ஒரு கதையைப் படித்துவிட்டு ‘என் வீட்டில் இப்படி நடக்கவில்லையே’ என்று திகைப்பதுதான். கங்காவிடம் போய் ‘அது உன் வீட்டுக் கதை, இலக்கியக் கருத்து இல்லை’ என்று யாராவது சொல்லியிருந்தால் நமக்கு இந்த நாவலே கிடைத்திருக்காது. 1972இல் சாகித்திய அகாதெமி பரிசும் அதற்குத்தான் கிடைத்தது. இதை எழுதியவர் உங்கள் ஊர் மஞ்சக்குப்பத்தில் பிறந்தவர். புதுமைப்பித்தன் பிறந்ததும் திருப்பாதிரிப்புலியூரில்தான். பஸ்ஸில் அந்த வழியாகத்தான் போகிறீர்கள் என்பதால் சொல்கிறேன், வேறு ஒன்றுமில்லை.

இனி மறதி. பெயர்கள் மறப்பதைப் பற்றி நீங்கள் ரொம்பக் கவலைப்படுகிறீர்கள். எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மானிய ஆய்வாளர் தன்னையே சோதனைக்கு உட்படுத்தி, மனப்பாடம் செய்தது எவ்வளவு வேகமாக மறக்கிறது என்று 1885இல் எழுதிவைத்தார். முதல் ஒரு நாளிலேயே பெரும்பகுதி போய்விடுகிறது, அதற்குப் பிறகு மறப்பதன் வேகம் குறைகிறது. உங்களுக்கு வந்திருப்பது எல்லாருக்கும் வருவதுதான். வைத்தியரைப் பார்க்க வேண்டியதில்லை.

இதற்கு ஒரு நல்ல உபாயம் இருக்கிறது. அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக் என்ற இருவர் 2006இல் ஒரு சோதனை செய்தார்கள். மாணவர்களை ஓர் உரைநடைப் பகுதியைப் படிக்கச் சொன்னார்கள். சிலர் அதையே திரும்பப் படித்தார்கள், சிலர் தாளை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டால் திரும்பப் படித்தவர்களே மேல். ஒரு வாரம் கழித்துக் கேட்டால் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் முந்திவிட்டார்கள். ஆகவே, புத்தகத்தை முடித்த மறுநாள் அதைத் திறக்காமல் அரைப் பக்கம் எழுதுங்கள். பெயர் வரவில்லையா, ‘அந்த மாமா’ என்று எழுதிவிட்டுப் போங்கள். கங்காவை வளர்க்கிறேன் என்று வந்த மாமாவின் பெயர் வெங்கு என்பது மறந்தால் குடி முழுகாது. அவர் வீட்டுக்குள் வரும்போதெல்லாம் உங்களுக்கு வயிற்றைக் கலக்கியதா இல்லையா, அதை எழுதுங்கள். எழுதி முடித்தபிறகு புத்தகத்தைத் திறந்து சரிபார்க்கலாம். எதை மறந்தீர்கள் என்பதும் சுவாரசியமான விஷயம்தான். நூலகத்தில் வேலை பார்த்த காலத்தில் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க வந்தவர்களிடம் ‘எது ஞாபகம் இருக்கு?’ என்று கேட்பது என் வழக்கம். கதையின் முக்கியமான திருப்பத்தைச் சொன்னவர்கள் குறைவு. ஏதோ ஒரு சாப்பாடு, ஒரு சண்டை, ஒரு கிழவியின் பேச்சு என்றுதான் பதில் வரும். அதைச் சொல்லும்போது முகத்தில் ஒரு வெளிச்சம் தெரியும் பாருங்கள், ‘நல்லா இருந்தது’ என்று சொல்லும்போது அது தெரியாது.

குறிப்பில் என்னென்ன இருக்க வேண்டும்? தேதி, புத்தகம் எங்கே கிடைத்தது, யார் சொல்லி எடுத்தீர்கள். இவை அற்பமாகத் தோன்றும். அஞ்சு வருஷம் கழித்துப் பார்த்தால் இவைதான் அந்த நாட்களைத் திருப்பிக் கொண்டுவரும். அப்புறம் எந்தப் பக்கத்தில் நின்றீர்கள், ஏன் நின்றீர்கள். ஒரே ஒரு வாக்கியத்தைப் பக்க எண்ணோடு அப்படியே பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். ஒன்று போதும், பத்து எழுதினால் எதுவும் நிற்காது. நூலகப் புத்தகத்தில் பென்சிலால் கோடு போடுவதும் ஓரத்தை மடிப்பதும் கூடாது. இதை நான் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. பஸ் டிக்கெட்டைச் செருகி வையுங்கள், போதும்.

மற்றவர்கள் சொன்னதே உங்கள் வாயில் வருவதற்குக் காரணம் வரிசை தப்புவதுதான். முதலில் உங்கள் அரைப் பக்கம், பிறகு விமர்சனம். விமர்சனமே படிக்காதீர்கள் என்று சொல்லமாட்டேன். நன்றாகப் படிக்கத் தெரிந்தவர் எழுதியதைப் பார்த்தால் நாம் கவனிக்காத பத்து விஷயம் தெரியவரும். ஆனால் அவர் பேச்சு முதலில் காதில் விழுந்துவிட்டால் நம் பேச்சு வெளியே வராது. தமிழ்ப் புத்தகங்களில் இன்னொரு தொல்லை உண்டு. கதை தொடங்கும் முன்பே அணிந்துரை, முன்னுரை, பதிப்புரை, ஆசிரியர் உரை என்று இருபது பக்கம் ஓடும். சில அணிந்துரைகளில் கதை முடிவையே போட்டு உடைத்திருப்பார்கள். அவற்றையெல்லாம் கடைசியில் படியுங்கள்.

‘அஞ்சலை’க்கு வருகிறேன். இரண்டு வாரம் மூடி வைத்ததைக் குற்றம்போலச் சொல்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த வரி அதுதான். ஒரு புத்தகத்தை மூடுவதற்குச் சலிப்பும் காரணமாக இருக்கலாம், தாங்க முடியாமையும் காரணமாக இருக்கலாம். உங்களுக்கு எது? சலிப்பு என்றால் அதே சமயத்தில் வேறு புத்தகத்துக்குப் போயிருப்பீர்கள். நீங்கள் எதையும் தொடவில்லை என்று நினைக்கிறேன். அந்தப் பெண் காட்டிலும் களத்திலும் உழைக்கிறாள், கல்யாண வாழ்க்கையில் அடிபடுகிறாள், ஊர் வாயில் விழுகிறாள். ஒரு வாசல் சாத்தினால் இன்னொரு வாசலுக்கு அலைகிறாள். இதெல்லாம் எங்கேயோ தொலைதூர தேசத்தில் நடக்கவில்லை. விருத்தாசலம் பக்கத்து முந்திரிக் காட்டு மண்ணில், நீங்கள் கடையில் தினமும் கேட்கும் பேச்சிலேயே நடக்கிறது. தீபாவளிக்குச் சேலை எடுக்க உங்கள் கடைக்கு வரும் ஒருத்தியின் குரலிலேயே புத்தகம் பேசினால் தள்ளி நின்று எப்படிப் படிப்பது? அந்தப் பேச்சின் மீது கண்மணி குணசேகரனுக்கு இருந்த பிடிப்பு நாவலோடு நிற்கவில்லை, நடுநாட்டுச் சொற்களுக்கு ஓர் அகராதியே தொகுத்தார். அதுவும் நூலகத்தில் கிடைக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

எந்தப் பக்கத்தில் மூடினீர்கள் என்று தேடிக் குறித்துவையுங்கள். அங்கே என்ன நடக்கிறது, திரும்ப எடுத்தபோது எது எடுக்க வைத்தது என்று நாலு வரி எழுதுங்கள். அதற்குமேல் அந்தப் புத்தகத்தைப் பற்றி இப்போதைக்கு வேண்டாம்.

பிடிக்காததைச் சொல்லலாமா என்றால், தாராளமாகச் சொல்லலாம். பரிசு வாங்கிய புத்தகம், பெரிய பெயர் என்பதற்காகத் தலையாட்ட வேண்டியதில்லை. ‘போர்’ என்று ஒரே சொல்லில் முடித்தால் மட்டும் எனக்குச் சம்மதமில்லை. எந்த இடத்திலிருந்து போர் அடித்தது, அதுவரை ஏன் அடிக்கவில்லை என்று சொல்லுங்கள். நல்ல எழுத்தாளருக்கே அது உபயோகமான தகவல். அதோடு, பாத்திரத்தைப் பிடிக்காமல் போவதையும் புத்தகத்தைப் பிடிக்காமல் போவதையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. கங்கா எடுக்கும் முடிவுகள் எனக்கும் பல இடத்தில் எரிச்சலாக இருந்தன. ஒருத்தி மேல் அவ்வளவு எரிச்சல் வருகிறது என்றால் அவளை உயிரோடு எழுதியிருக்கிறார் என்றுதானே அர்த்தம்.

‘வானம் வசப்படும்’ பாதியில் நிற்பதற்கு நீங்கள் காரணம் எழுதவில்லை. பெயர்களும் பதவிகளும் குழப்பியிருக்கும் என்று ஊகிக்கிறேன். அது துய்ப்ளே புதுச்சேரியில் கவர்னராக இருந்த காலம், 1742 முதல் 1754 வரை. பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர், ஆற்காட்டு நவாப்பு வகையறா, கும்பினி வேலைக்காரர் என்று ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள். ஒரு துண்டுத் தாளில் யார் யாருக்கு என்ன என்று எழுதிப் புத்தகத்தில் செருகிக்கொண்டால் பாதித் தொல்லை தீரும். மீதிப் பாதிக்கு, அடுத்த கூட்டத்துக்குப் போகும்போது ஒரு மணி நேரம் முன்னதாகப் போய் இறங்குங்கள். பெரிய மார்க்கெட் பக்கத்தில் ரங்கப்பிள்ளை வீதியில், துய்ப்ளேயின் துபாஷாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை வாழ்ந்த வீடு இருக்கிறது, பாருங்கள். அங்கிருந்து நடந்தே மிஷன் வீதிக்கு வந்தால் சம்பா கோவில் என்று சொல்லும் மாதா கோயில். பழைய வேதபுரீஸ்வரர் கோயில் அதை ஒட்டித்தான் இருந்தது. 1748இல் இடித்தார்கள். பிறகு வேறிடத்தில் எழுந்ததுதான் இன்றைய ஈஸ்வரன் கோயில். இந்தத் தெருக்களில் நடந்துவிட்டுப் படித்தால் யார் எங்கிருந்து எங்கே போகிறார்கள் என்பது மனதில் பதிந்துவிடும். அப்படியும் ஓடவில்லை என்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பாதியில் விட்ட புத்தகத்துக்கும் ஒரு குறிப்பு எழுதலாம்.

அந்த நாவலுக்கு ஆதாரமே ஒரு தனி மனிதரின் குறிப்புதான். ஆனந்தரங்கப் பிள்ளை 1736இல் நாட்குறிப்பு எழுதத் தொடங்கி, 1761இல் சாகும் காலம் வரைக்கும் எழுதினார். எந்தக் கப்பல் வந்தது, கவர்னர் என்ன சொன்னார், கவர்னர் சம்சாரத்தின் மேல் தனக்கு என்ன கோபம், ஊரில் யார் யாரை ஏசினார்கள் என்று எல்லாவற்றையும் பேச்சுத் தமிழ் கலந்து எழுதிவைத்தார். இது முக்கியமா, இது சில்லறையா என்று பிரித்துக்கொண்டு உட்காரவில்லை. இன்று சரித்திரக்காரர்கள் ஆசையோடு தேடிப் படிப்பதில் அவர் சில்லறையாக எழுதியதும் நிறைய உண்டு. உங்கள் நோட்டில் கடைச் சம்பளம் இருக்கலாமா என்று இனி யாரையும் கேட்க வேண்டாம்.

பேசும் முறை பற்றிச் சுருக்கமாக. கதைச் சுருக்கம் இரண்டு நிமிடத்தைத் தாண்டக் கூடாது. கூட்டத்தில் பாதிப் பேர் படித்திருப்பார்கள், மீதிப் பேர் நீங்கள் சொல்லிவிட்டால் படிக்கமாட்டார்கள். ஒரு பத்தியை நிதானமாக வாய்விட்டு வாசியுங்கள். வீட்டில் ஒருமுறை வாசித்துப் பழகிக்கொள்ளுங்கள், புதுமைப்பித்தன் நடையில் மூச்சு எங்கே விடுவது என்று முன்பே தெரிந்திருக்க வேண்டும். பிறகு நீங்கள் நின்ற இடத்தைச் சொல்லுங்கள். உங்களுக்குப் பதில் தெரியாத ஒரு கேள்வியையும் கூட்டத்தின் முன் வையுங்கள். ‘முதலாளி நல்ல சம்பளம் கொடுத்திருந்தால் இந்தக் கதையில் எது மாறியிருக்கும், எது மாறியிருக்காது?’ என்று கேளுங்கள். அரை மணி நேரம் ஓடும். எழுதிவைத்ததை அப்படியே படிக்க வேண்டாம், துண்டுத் தாளில் நாலு வரி போதும்.

அண்ணனை அழைத்துப் போங்கள். அவரைப் போன்றவர்கள் வந்தால்தான் கூட்டம் களைகட்டும். ஒரே ஒரு ஜாக்கிரதை. நீங்கள் பேசி முடித்தபிறகு அவர் பேசட்டும். முன்னால் விட்டால் உங்கள் பத்து நிமிடமும் அவருக்கே போய்விடும்.